தூண்டில் மாவும் மாப்பிள்ளையும்

எண்ணூர் கழிமுகத்தில் மீன் பிடிப்பதற்காக, இன்று காலை தூண்டில் மாவுக்குச் சென்னாக்குனியை வறுத்தேன். அந்தப் பொடி இறாலோடு பெருங்காயமும் சேர்ந்து மணந்ததும், எர்ணாவூர் வீட்டில் அத்தையைப் பெண் பார்க்க வந்த நாள் நினைவுக்கு வந்தது.

நைனாவின் தூண்டில் மாவில் கோதுமை மாவு மில்லில் கீழே சிந்தியது; பெருங்காயம் அம்மாவின் டப்பாவில் திருடியது; புண்ணாக்கு பக்கத்து வீட்டு மாட்டுக்கு வந்தது; சென்னாக்குனி மட்டும் காசு கொடுத்து வாங்கியது. எல்லாம் பிசைந்து சமையலறையில் மூடி வைத்திருந்தார். அன்று பதற்றத்தில் அத்தை அதையே வடையாகத் தட்டிப் பொரித்துவிட்டாள்.

“என் மாவு இன்னா ஆச்சு?” என்று நைனா உள்ளே வந்தார்.

“யோவ், கம்முனு இரு. மாப்ள அத்தத்தான் துன்னுகினு கீறாரு,” என்றாள் அம்மா.

இந்த வரனும் தட்டிப்போயிற்று என்று அத்தை அழத் தொடங்கினாள்.

கூடத்திலிருந்து மாப்பிள்ளையின் குரல் வந்தது: “வடை இன்னும் கீதா?”

நைனா அத்தையின் தலையைத் தட்டினார். “அழாத. மாட்டிகிச்சு.”

அந்த மாப்பிள்ளை, என் மாமா, இன்று அத்தையோடு வந்திருந்தார். நேரே சமையலறைக்குள் நுழைந்தார்.

“இன்னாடா, உங்க அத்த அன்னிக்கு சுட்ட வடை வாசனை வருது!” என்று தட்டை நீட்டினார்.

அவருக்குப் பின்னால் அத்தை உதட்டில் விரலை வைத்தாள். நான் அடுப்பில் எண்ணெயை வைத்தேன்.