ஸ்ராங்கு கொடுத்த கம்பி

என் மேசை இழுப்பறையில் ஒரு முழ நீளமுள்ள இரும்புக் கம்பி இருக்கிறது. ஒரு முனையில் மரப்பிடி. மறுமுனை தட்டையாக அடிக்கப்பட்டு உளியின் வாய்போல் அகன்றிருக்கும். அதைப் பழுக்கக் காய்ச்சிப் பேட்டரியின் பக்கச் சுவரில் குறுக்கும் நெடுக்குமாக இருமுறை அழுத்தினால் பிளாஸ்டிக் உருகி ஒரு சிலுவைக் குறி விழும். இந்தக் கம்பி என்னிடம் இரண்டு முறை கொடுக்கப்பட்டது. முதல் முறை என்னை நம்பிக் கொடுத்தார்கள். இரண்டாவது முறையைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

புதுச்சேரியில் கடல்நீரை ஆராயும் கூடம் ஒன்றுக்குப் பல ஆண்டுகள் தலைவனாக இருந்தேன். எங்களிடம் ஒரு படகு இருந்தது. அதைச் செலுத்தியவரை எல்லோரும் ஸ்ராங்கு என்றே அழைத்தோம். கடலில் படகுக்குப் பொறுப்பானவரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். கத்தோலிக்கர், பிள்ளைச்சாவடியில் மகள் வீட்டோடு இருந்தார். அவருடைய தந்தை துறைமுகப் பாலத்தில் பிரெஞ்சு அதிகாரிகளின் கீழ் வேலை பார்த்தவர். ஸ்ராங்கு என்னை எப்போதும் ‘சார்’ என்பார். என்மேல் கோபம் வந்தால் மட்டும் தந்தையிடமிருந்து எடுத்துக்கொண்ட பிரெஞ்சுச் சொல் ஒன்று வெளியே வரும்: ‘முசியே’. இருபத்தாறு ஆண்டுகளில் அதை நான் நாலைந்து முறைக்குமேல் கேட்டதில்லை. கேட்ட ஒவ்வொரு முறையும் தவறு என்னுடையதாகத்தான் இருந்தது.

படகின் விளக்கு, வயர்லெஸ், கருவிகள், உள்ளே சேரும் தண்ணீரை இறைக்கும் மோட்டார் எல்லாம் எட்டுப் பேட்டரிகளை நம்பி இருந்தன. அவற்றில் ஒன்று வலுவிழந்தால் ஸ்ராங்கு அதைக் கரையில் இறக்கி, ஸ்டவ்வில் கம்பியைக் காய்ச்சி, நான்கு பக்கமும் சிலுவைக் குறி சுட்டுவிட்டுத்தான் ஸ்டோருக்கு அனுப்புவார். செத்த பேட்டரிக்குப் புது ஆசிட் ஊற்றிப் பெயின்ட் அடித்து மீனவர்களிடம் விற்கும் ஆட்கள் அன்றும் இருந்தார்கள். “பதினஞ்சு நாளைக்கு மாப்பிள்ளையாட்டம் நிக்கும் சார். அப்புறம் நடுக்கடல்ல படுத்துரும்” என்பார். சாகக் கிடப்பவருக்குப் பாதிரியார் எண்ணெய் பூசுவதுபோல் பேட்டரிக்கு அவஸ்தைப் பூசுதல் கொடுக்கிறாரென்று ஆய்வகத்தார் கேலி செய்வார்கள். அவர் கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொல்வார்: “அவஸ்தை பூசுனவன்ல பாதிப் பேரு எழுந்து உக்காந்து கஞ்சி கேட்டிருக்கான். அதான் எனக்குப் பயமே.”

நாளடைவில் அந்தக் குறி கரையோரம் முழுவதும் தெரிந்த ஒன்றாயிற்று. பழைய பேட்டரி வாங்குகிறவர்கள் அதை நான்கு பக்கமும் தடவிப் பார்த்து, ஸ்ராங்கின் சிலுவை இல்லை என்றால் வாங்கினார்கள். இந்த வழக்கத்தை நான் அறிந்திருந்தேன். அறியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

ஓய்வு பெற்ற நாளில் ஸ்ராங்கு மாலையைக் கழற்றி வைத்துவிட்டு என் அறைக்கு வந்தார். கம்பியை மேசைமேல் வைத்தார். “நான் போயிட்டாலும் குறி போட்ருவீங்கல்ல சார்?” என்று கேட்டார். போட்டுவிடுவேன் என்றேன். இதற்கா ஒரு வாக்குறுதி என்று உள்ளுக்குள் சிரித்ததும் நினைவிருக்கிறது.

அடுத்த ஆண்டு படகுக்கு லித்தியம் பேட்டரிகள் வந்தன. எடை குறைவு, ஆயுள் அதிகம், ஆசிட் பார்க்கும் வேலை இல்லை. அந்த மாற்றத்தை முன்மொழிந்தவன் நான்தான். அதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை. வலுவிழந்திருந்த பழைய எட்டையும் விற்க வேண்டியிருந்தது. ஸ்டோரிலிருந்து ஒரு குறிப்பு வந்தது: விற்பனைக்குரிய அரசுச் சொத்தில் சூட்டுக்குறி இடுவது அதைச் சேதப்படுத்துவதாகும், தணிக்கையில் ஆட்சேபம் எழக்கூடும். சுத்தமான வாக்கியம். ஒரு பிழையும் இல்லாத அந்த வாக்கியம் எனக்கு இன்றும் மனப்பாடம். எதிர்த்து ஒரு பத்தி எழுதியிருந்தால் போதும். அதற்குத் தேவையான படிப்பும் பதவியும் என்னிடம் இருந்தன. அன்று பிற்பகல் எனக்கு வேறொரு கூட்டம் இருந்தது. ‘ஏற்கப்பட்டது’ என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

அதன் பிறகும் மாதம் ஒருமுறை ஸ்ராங்கு என்னைப் பார்க்க வருவார். கடற்கரைச் சாலையில் நடப்போம். புதுப் பேட்டரிகளைப் பற்றி ஆவலோடு கேட்டுத் தெரிந்துகொள்வார். பழையவற்றைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. வாக்குக் கொடுத்தவனிடம் மறுபடி கேட்பது அவருக்கு மரியாதைக் குறைவு. நானும் சொல்லவில்லை.

ஸ்ராங்கின் மருமகன் தன் விசைப்படகுக்காகப் புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஒரு கொட்டகையில் பழைய பேட்டரி வாங்கியபோது மாமனாரையும் அழைத்துப் போயிருக்கிறார். “மாமா நாலு பக்கமும் தடவித் தடவிப் பார்த்தாரு சார். ஆசிட்டையும் அளந்தாரு. நம்ம குறி இல்ல, நம்பி வாங்குன்னாரு.” கதிர்காமம் மருத்துவமனையில், பிணவறைக்கு வெளியே, மருமகன் என்னிடம் சொன்ன வார்த்தைகள் இவை. விபத்து நடந்த அன்று ஓர் ஆள் வராததால் ஸ்ராங்கும் மருமகனின் படகில் ஏறியிருந்தார். பகல் நேரம், அமைதியான கடல். வலை இழுப்பதற்காக எஞ்சினை நிறுத்தியிருந்தபோது அடியில் தண்ணீர் ஏறியிருக்கிறது. இறைக்கும் மோட்டார் சில நிமிடம் ஓடி நின்றது. எஞ்சினைக் கிளப்பப் பேட்டரியில் வலு இல்லை, வயர்லெஸ்ஸும் பேசவில்லை. மூன்று பேர் கேன்களைப் பிடித்து மிதந்து பிழைத்தார்கள். ஸ்ராங்கு பிழைக்கவில்லை.

படகு ஆழமில்லாத இடத்தில் மூழ்கியிருந்ததால் சில நாட்களில் கரைக்கு இழுத்து வந்தார்கள். விசாரணை அதிகாரி என்னை அழைத்திருந்தார். பேட்டரியைப் புரட்டினார்கள். புதுப் பெயின்ட் உரிந்த அடிப்பாகத்தில் எங்கள் கூடத்தின் இருப்பு எண் செதுக்கப்பட்டிருந்தது. அரசுச் சொத்து களவு போகாதிருக்க எண் செதுக்க வேண்டும் என்பது நான் போட்ட உத்தரவு. அதை யாரும் ஆட்சேபிக்கவில்லை.

எண்ணைக் கண்டதுமே அடையாளம் தெரிந்தது. பதிவேட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றேன். ஸ்ராங்கின் மகள் பக்கத்தில் நின்றிருந்தாள். “அப்பாகிட்ட சொன்னாப்புல குறி போட்டுத்தானே சார் வித்தீங்க? வாங்குனவன்தானே சுரண்டிட்டான்?” என்று கேட்டாள். ஆமாம் என்ற ஒரு சொல்லை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, கொட்டகைக்காரனைச் சபித்துவிட்டுப் போக அவள் தயாராக இருந்தாள். “விசாரணையில தெரியும்மா” என்றேன்.

அந்தக் கொட்டகைக்காரன்மேல் எனக்குக் கோபம் உண்டு. குறிப்பு எழுதிய எழுத்தர்மேலும் உண்டு. அவர் இன்றும் நிம்மதியாக உறங்குகிறார் என்பதில் கூடுதலாகவே உண்டு. ஆனால் அவர்கள் யாரும் ஸ்ராங்குக்கு வாக்குக் கொடுக்கவில்லை. அவர் தடவிப் பார்த்தது பேட்டரியை அல்ல, என் வாக்கை. அறுபது வயதில் ஒருவன் தன்னைத் தானே வெறுக்கப் பழகுவது எளிதன்று. நான் பழகிக்கொண்டேன்.

முப்பதாம் நாள் பூசை முடிந்தபின் பிள்ளைச்சாவடிக்குப் போனேன். விசாரணைக்கு எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தின் நகலும் இந்தக் கம்பியும் கையில் இருந்தன. குறிப்பு, கையொப்பம், மாதந்தோறும் நான் காத்த மௌனம் என்று எதையும் விடாமல் முழுவதையும் ஸ்ராங்கின் மகளுக்குப் படித்துக் காட்டினேன். பாதியிலேயே மருமகன் எழுந்து வெளியே போய்விட்டார். அவள் கடைசிவரை கேட்டாள். பிறகு, நான் பாயில் வைத்திருந்த கம்பியை எடுத்து, பிடி என் பக்கம் இருக்கும்படி நீட்டினாள்.

“இத நீங்களே வெச்சிக்கிங்க, முசியே.”

ஸ்ராங்கின் கையில் இருந்தவரை இந்தக் கம்பியின் முனை கரி படிந்து கறுப்பாகவே இருக்கும். இப்போது அதில் துரு ஏறியிருக்கிறது. என்னிடம் வந்த நாளிலிருந்து அது ஒருமுறைகூட நெருப்பில் வைக்கப்படவில்லை.