மிதவையில் எழுதுவதுபோல

"நம்மகிட்ட திருடறதுக்கு இன்னா கீதுன்னு இதுக்குப் பூட்டு போடற?" என்று அப்பா கேட்டார்.

சதுரங்கப்பட்டினத்தில் எங்கள் வீட்டிலிருந்து முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். மீன்பிடித் தடைக்கால நிவாரணத்துக்கு விண்ணப்பிக்க, குப்பத்துப் பெண்கள் ஆதாரையும் பாஸ்புக்கையும் என்னிடம்தான் தருவார்கள். அவற்றை ஸ்கேன் செய்து ஒரு ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருந்தேன். அதை என்கிரிப்ட் செய்து கடவுச்சொல் போட எனக்குத் தெரியும். அப்பா கேட்டதும் விட்டுவிட்டேன்.

அவர் அதன்மேல் எங்கள் போன் நம்பரைப் பெயின்டால் எழுதினார். வலை மிதவைகளில் அப்படித்தான் எழுதுவோம். கடலில் அறுந்து போனாலும், எடுத்தவர் கூப்பிட்டுக் கொடுத்துவிடுவார்.

விண்ணப்பங்களை அச்செடுக்கக் கொண்டுபோன நாளில், கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோவில் டிஸ்க்கை மறந்து இறங்கினேன். யாரும் கூப்பிடவில்லை. ஒன்பதாம் நாள், மீன் விற்கும் எதிர்வீட்டு அத்தை வந்தார்.

"பேங்குலேர்ந்து பேசறேன்னான்மா. ஆதார் நம்பரு, பொறந்த தேதி, எல்லாம் கரெக்டா சொன்னான். நம்பி ஓடிபிய சொல்லிட்டேன். இப்ப கணக்குல ஒண்ணுமில்லன்றாங்க. நீ படிச்ச பொண்ணு, இன்னான்னு பாரேன்."

சொல்லாமலிருந்தால் படித்தவள் என்ற பெயர் எனக்கு மிஞ்சும். அடுத்த போன் வேறொரு வீட்டுக்கு வரும். என் தவறை அத்தையிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்.

போலீஸில் எழுதிக் கொடுத்தேன். புது டிஸ்க்கை என்கிரிப்ட் செய்தேன். பிறகு, என்னிடம் ஆதார் கொடுத்த பெண்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு, தெருக்கோடியிலிருந்த முதல் வீட்டுக் கதவைத் தட்டினேன்.