ஐப்பசியில் செத்த வேலி

சோலார் வேலி போட்டுக் கொடுத்தவர்களை எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. வாய்விட்டுச் சொன்னதில்லை. எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. ஐந்தாவதோடு நின்றவள். ஊர்க்கூட்டம் என்றால் கடைசியில் நின்று முதலில் கிளம்புகிற ஆள். எழுதினால் யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், அதனால் எழுதுகிறேன்.

பூம்பாறைக்குக் கீழே சரிவில் படிபோல் வெட்டிய நிலத்தில் எனக்கு மூன்று தட்டு. ஒட்டினாற்போல் என் கொழுந்தனுக்கு மூன்று. ஆறிலும் பூண்டு. காட்டுமாடு பூண்டைத் தின்னாது, ஆனால் நடந்து போனாலே போதும், நாலு மாசப் பாடு சேறாகிவிடும். பன்றி வந்தால் மண்ணையே புரட்டிப் போட்டுவிடும். அதனால் கொழுந்தன் மனு எழுதி வேலி வாங்கினான். தாலி அறுத்தவளுக்குச் சீக்கிரம் கிடைக்கும் என்று யாரோ சொல்ல, மனு என் பெயரில் போனது.

பங்குனியில் வந்தார்கள். வெயில் சுள்ளென்று அடித்தது. ஆறு தட்டையும் சுற்றிக் கம்பி, ஒரு கண்ணாடிப் பலகை, தகரப் பெட்டிக்குள் பேட்டரி. கூட வந்த ஆபீசர் பேசிக்கொண்டே இருந்தார்.

"இனிமே நாடே சூரியன்லதான் ஓடப்போகுது பாட்டி. பகல்ல வர்ற கரண்டப் பேட்டரியில அடைச்சு வச்சுட்டா எப்ப வேணாலும் எடுத்துக்கலாம். கீழ ஊரு ஊருக்கே பேட்டரி வைக்கிறாங்க. ஒங்களுக்கு வயக்காட்டுலயே வச்சுட்டோம்."

ஐப்பசியில் இங்கே சூரியன் எங்கே வரும் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. டீ போட்டுக் கொடுத்தேன். அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

பொய் சொல்லக் கூடாது, கோடை முழுக்க வேலி நன்றாகத்தான் வேலை செய்தது. பெட்டியிலிருந்து டிக், டிக் என்று சத்தம் வரும். அது கேட்டால் கம்பியில் கரண்டு இருக்கிறது என்று அர்த்தம். ஒரு பன்றி மூக்கை வைத்துவிட்டு அலறிக்கொண்டு ஓடியதைப் பார்த்துக் கொழுந்தன் வயிறு வலிக்கச் சிரித்தான்.

ஐப்பசி பிறந்ததும் மஞ்சு இறங்கி மூடாப்புப் போட்டது. எதிர்த்தட்டில் நிற்கிற ஆள் தெரியவில்லை. பூண்டு முற்ற இன்னும் இருபது நாள் கிடந்தது. இரண்டாம் நாள் டிக் சத்தம் இழுத்து இழுத்து வந்தது. மூன்றாம் நாள் நின்றுவிட்டது. கொழுந்தன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். வண்டியில் ஊரார் காரட் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வேலிக்காரனுக்குப் போன் போட்டேன் மதினி, எடுக்க மாட்டேங்கான். பேட்டரி குளிரு தாங்காமப் படுத்துட்டு போல. சூடு வந்தா எந்திரிச்சுரும்."

"அப்ப சூடு காட்டணுமா?"

"எனக்குச் சோலி கெடக்கு மதினி."

அவன் கொடைக்கானலுக்குப் போய்விட்டான். மறுநாளும் வெளிச்சம் இல்லை. ஐந்தாம் நாள் பேட்டரியைக் கழற்றி, சாக்கில் சுற்றி, இடுப்பில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அடுப்புக்கு மேலே பரணில், விதைப்பூண்டு கட்டித் தொங்குகிற வரிசைக்கு நடுவில் வைத்தேன். எங்கள் பக்கம் எதைக் காப்பாற்ற வேண்டுமானாலும் அங்கேதான் வைப்போம். விதை, தீப்பெட்டி, ரேஷன் கார்டு எல்லாம் அந்தப் புகையில்தான் பிழைக்கிறது. வெயிலில் உயிர் வருகிற சாமானுக்கு அடுப்புச் சூட்டிலும் உயிர் வரும் என்று நம்பினேன். இரண்டு நாள் விறகு அணையாமல் பார்த்துக்கொண்டேன்.

பரணில் வைத்த மூன்றாம் நாள் எடுத்துப் பார்த்தால் பால் குடித்த கன்றுக்குட்டி வயிறு மாதிரி உப்பிக் கிடந்தது. அன்றைக்கு வெள்ளனே காட்டுமாடு புகுந்து என் கீழ்த்தட்டை மிதித்துத் துவைத்திருந்தது.

அதற்குப் பிறகுதான் ஆபீசரும் மெக்கானிக்கும் வந்தார்கள். மெக்கானிக் பேட்டரியை மோந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"என்ன பாட்டி, இதையும் பூண்டுன்னு நெனச்சுட்டீங்களா? வெடிச்சிருந்தா வீடே பறந்திருக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். கொழுந்தனும்தான். எனக்குக் காது சுட்டது. இருந்தாலும் கேட்டேன்.

"வெயிலே இல்லாம இது எத்தன நாளைக்குத் தாங்கும்?"

"ரெண்டு நாளு. கீழ்நாட்டு வெயில் கணக்குக்கு அது போதும்." பிறகு மெதுவாக, "இங்க ரெண்டு மூணு பேட்டரி வச்சிருக்கணும்" என்றான். ஆபீசர் அவனை ஒரு பார்வை பார்த்தார்.

ஆபீசர் ஒரு காகிதத்தை நீட்டினார். கையெழுத்துப் போட்டால் நாலு நாளில் புது பேட்டரி வரும் என்றார். நான் வாங்கி எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தேன். எனக்கு மனசுக்குள் படிக்கத் தெரியாது, வாய்விட்டுத்தான் வரும். "உபகரணம் தொடர்ந்து நல்ல முறையில் இயங்கி வந்தது. பயனாளியின் கவனக்குறைவால் பழுதடைந்தது." அவர் இரண்டு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"வேலி நின்னது மூணாம் நாளு. நான் தூக்கிட்டுப் போனது அஞ்சாம் நாளு" என்றேன். "நான் பொகையில வச்சது தப்பு, எழுதுங்க. அதுக்கு முன்னாடியே நின்னுபோனதையும் எழுதுங்க. போடுறேன்."

"அப்படியெல்லாம் எழுத இதுல எடம் இல்ல பாட்டி."

"அப்ப வேண்டாங்க."

கொழுந்தன் முன்னால் வந்தான். "மதினி, வெரசாப் போட்டுக் குடுங்க. ஒங்க வீம்புல என் மூணு தட்டும் போயிரும்."

அவன் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. எனக்கு அது தெரியும். ஆனாலும் காகிதத்தை மடித்து ஆபீசர் கையிலேயே கொடுத்தேன். மழைத்தண்ணீர் பட்ட மாதிரி இரண்டு விரலால் வாங்கிக்கொண்டு போனார். உப்பின பேட்டரியையும் எடுத்துப்போனார்கள். கண்ணாடிப் பலகை மட்டும் அங்கேயே நின்றது.

மறுநாள் விடிந்ததும் மிச்சம் இருந்த இரண்டு தட்டுப் பூண்டையும் நானே பிடுங்க ஆரம்பித்தேன். காத்திருந்தால் மாடு மிதிக்கும். தாள் இன்னும் பச்சையாக இருந்தது. பிளந்து பார்த்தால் பல் சரியாகப் பிரியவில்லை. குழம்புக்கு ஆகும். பரணில் தொங்கவிட்டால் அழுகும், விதைக்கு ஆகாது. தெரிந்துதான் பிடுங்கினேன்.

பக்கத்துத் தட்டில் கொழுந்தன் பெண்டாட்டி, என் ஓரகத்தி, மாட்டை விரட்டத் தகரத்தைத் தட்டிக்கொண்டு நின்றாள். அவர்கள் பூண்டை முற்றட்டும் என்று விட்டுப் பிடிக்கிறார்களாம். மூடாப்பில் அவள் முகம் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது.

"என்னமோ பெரிய படிப்புப் படிச்ச மாதிரி! அஞ்சாப்புக்கே இந்தத் திமிருன்னா இன்னும் நாலு எழுத்துச் சேத்துப் படிச்சிருந்தா எங்கள ஊர விட்டே வெரட்டியிருப்பீங்க அக்கா!"

அந்த வரிசையைப் பிடுங்கி முடித்தேன். கூடையை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்கு நகர்ந்தேன்.