மைக்கின் நடுவில் ஒரு சந்தனப் பொட்டு

வயர் வெளியே தெரிந்தால் எனக்குக் கண்ணை உறுத்தும். அது ஒரு வியாதி என்பாள் மனைவி. எங்கள் பழைய ஜீப்பில் ரேடியோ செற் பூட்டியபோது அந்த வியாதி முற்றிவிட்டது.

மனைவியின் தம்பி சல்லிக் கிராமத்துக் கரையில் கடல்தொழில் செய்கிறவன். அவன் பிடித்து வரும் மீனை மணலில் ஜீப்பை இறக்கி ஏற்றி, உப்புவெளி விடுதிகளுக்கும் நகரச் சந்தைக்கும் கொண்டுபோவது என் வேலை. சில மாதங்களுக்கு முன் அவனுடைய படகின் இயந்திரம் நடுக்கடலில் நின்றுவிட்டது. கைபேசியும் எட்டாத தூரம். ஒரு பகல் முழுக்க நீரோட்டம் இழுத்த பக்கம் போயிருக்கிறான். பின்னேரம்தான் இன்னொரு படகு கண்டு கட்டி இழுத்து வந்தது. வந்தவன் குளித்துச் சாப்பிட்டு, இயந்திரத்தைத் திருத்திக்கொண்டு திரும்பவும் கடலுக்குப் போய்விட்டான். மனைவிதான் மாறிப்போனாள். அவன் கடலில் நிற்கும் நாட்களில் அவள் தட்டில் சோறு அப்படியே கிடக்கும். ஆனால் அவனிடம் ஒரு சொல் சொல்லமாட்டாள். கடலுக்குப் போகிறவனிடம் பயத்தைச் சொல்லக்கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். சொன்னால் அந்தப் பயமும் படகில் ஏறிவிடுமாம்.

அதனால் கடலும் கரையும் பேசிக்கொள்ள, படகுக்கு ஒன்று, ஜீப்புக்கு ஒன்று என்று இரண்டு செற் வாங்க வைத்தாள். மச்சானுக்கு அது வீண் பாரம். போட்டால் பற்றரி இறங்கும், எந்த நேரமும் நிப்பாட்டித்தான் வைப்பேன் என்று சிரித்தான். கடைசியில், ஒருமுறை பூட்டிப் பார்ப்போம், சரிவராவிட்டால் கழற்றி வீட்டில் வைத்துவிடுவேன் என்று ஒத்துக்கொண்டான்.

படகில் அவன் அரை மணித்தியாலத்தில் பூட்டிவிட்டான். ஜீப்புக்கு எனக்கு மூன்று நாள். பற்றரியில் இருந்து பியூஸ் வைத்து நேராக ஒரு வயர். அது இயந்திரத்துக்குப் பின்னால் உள்ள தகட்டைத் தாண்டும் ஓட்டையில் உராயாமல் இருக்க ஒரு ரப்பர் வளையம். பிறகு விரிப்புக்குக் கீழே எறும்புக்குக்கூடத் தெரியாமல் ஓடவிட்டேன். அன்டெனாவைக் கூரையின் நடுவில் வைக்க நான்கு பக்கமும் நாடா பிடித்து அளந்தேன்.

"எங்கட மணவறைக்கும் நீங்கள் இப்பிடி அளக்கேல்ல" என்றாள் மனைவி.

வெள்ளிக்கிழமை காலை கோயிலில் இருந்து சந்தனம் கொண்டுவந்தாள். புதிதாக வந்த சாமானுக்குப் பொட்டு வைக்காமல் எங்கள் வீட்டில் தொடங்குவதில்லை. அவள் வைத்தால் கோணலாக இருக்கும் என்று நானே கிண்ணத்தை வாங்கினேன். ஸ்டியரிங்கின் நடுவில் ஒன்று, செற்றின் நெற்றியில் ஒன்று, மைக்கின் நடுவில் ஒன்று. மைக்கின் சரி நடுவில் ஒரு சின்ன ஓட்டை இருந்தது. பொட்டுக்கென்றே விட்ட இடம்போலத் தோன்ற, அதை நன்றாக நிரப்பி வைத்தேன்.

மத்தியானம் மச்சான் கரையில் இருந்து கொஞ்சத் தூரம் போய் நின்று கூப்பிட்டான். அவன் குரல் பக்கத்துக் கதிரையில் இருப்பவன்போலக் கேட்டது. நான் பதில் சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். கடைசியில் கைபேசி அடித்தது.

"அத்தான், வாய் நிறையப் புட்டோட கதைக்கிற மாதிரிக் கிடக்கு. ஒண்டும் விளங்கேல்ல" என்று சிரித்தான். வந்ததும் தன்னுடையதைக் கழற்றப் போவதாகச் சொன்னான்.

கேட்க முடிகிறது, சொல்ல முடியவில்லை. பேசும்போது செற் கூடுதலாக மின்சாரம் இழுக்கும், ஆகவே பிழை வயரில்தான் என்று முடிவு கட்டினேன். கோபம் கண்ணை மறைக்க, விரிப்பைக் கிளப்பி, மூன்று நாள் வேலையைப் பிடுங்கி மடியில் போட்டேன். கடைக்காரனைத் திட்டினேன். வயரைத் திட்டினேன். பக்கத்தில் வந்து நின்றதற்காக மனைவியையும் திட்டினேன். அவள் மைக்கை எடுத்துப் பார்த்தாள். பிறகு தலையில் இருந்த கொண்டை ஊசியை உருவி, நடுவில் இறுகிக் காய்ந்திருந்த சந்தனத்தைத் தோண்டிக் கொட்டினாள். எனக்கு அந்த ஜீப்புக்குக் கீழேயே புகுந்துகொள்ளலாம்போல இருந்தது.

மறைப்பதாவது, மண்ணாவது என்று வயர்களைக் கண்டபடி கொழுவினேன். அவள் மைக்கை அழுத்தி, "தம்பி, கேக்குதோ?" என்றாள். பதில் இல்லை. திரும்பவும் கேட்டாள். நான் குனிந்து பியூஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரி, இனி அவன் கழட்டிப் போடுவான்" என்று என்னிடம் சொன்னாள். "அண்டைக்கு அவன் வருமட்டும் நான் கரையிலதான் நிண்டனான். வெளிக்கிடேக்க அவனிட்டச் சொல்லேலாது, அதால உங்களிட்டச் சொல்லுறன். மீன் இல்லாட்டியும் பரவாயில்ல. அவன்ர குரல் கேட்டாக் காணும் எனக்கு."

நிமிர்ந்து பார்த்தேன். அவளுடைய பெருவிரல் இன்னும் மைக்கின் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தது. அழுத்தியபடி இருந்தால் நம் பேச்சுத்தான் போகும், அடுத்தவர் குரல் வராது. அதை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவே இல்லை. மெதுவாக அந்த விரலை எடுத்துவிட்டேன்.

இரைச்சலுக்கு நடுவே மச்சானின் குரல் வந்தது. எதற்கும் பகிடி விடுகிறவன் அன்று சிரிக்கவில்லை.

"கேட்டது அக்கா. எல்லாம் கேட்டது. இனி நான் செற்றை நிப்பாட்டமாட்டன்."

அவள் என்னைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. அழுத்திக்கொண்டு பேசு, பேசியதும் விடு என்றேன். அழுத்தினாள்.

"சாப்பிட்டனியோ?" என்று மட்டும் கேட்டாள்.