மாமி தந்த சிறுநீரகமும் அப்பாவின் நடையும்

எங்கள் அப்பா மீனவக் கிராமமான சல்லியில் பிறந்து, அந்தக் கடலிலேயே வளர்ந்தவர். பள்ளிக்கூட வாசலை மிதியாதவர். என்னைப் படிப்பித்து இதை எழுத வைத்தவர். சண்டை நடந்த காலத்தில் அவருடைய சிறுநீரகம் இரண்டும் பழுதாயின. அவருடைய தங்கை, எங்கள் மாமி, தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தார். கண்டியில் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது.

அதற்குப் பிறகுதான் சோதனை. "பாரம் தூக்காமல் மெல்ல மெல்ல நடவுங்கள்" என்று டொக்டர் சொல்லியும் அப்பா கதிரையை விட்டு எழும்பவில்லை. பார்க்க வந்தவர்களும், "உடம்பை அலட்டாதேங்கோ, தையல் விட்டுப்போம்" என்று பயமுறுத்தினார்கள். கால்கள் மெலிந்துகொண்டே போயின. இனி வலை இழுப்பாரா என்று நாங்கள் ஏங்கினோம்.

ஒருநாள் மாமி வந்து முன்னால் நின்றார்.

"அண்ணா, என்ர கிட்னி கதிரையில இருந்து பழகினதில்ல. எழும்புங்கோ!"

"நீ தந்த சாமான், பிள்ள. கழண்டு விழுந்தா?"

"விழுந்தா நான் பொறுக்கித் தாறன். நடவுங்கோ!"

அப்பா நடந்தார்! ஆனால் உப்புவெளி வீதிச் சென்றியில், இராணுவக் காவலரணில், சிப்பாய் மறித்தார்.

"எங்க போறது?"

"சும்மா நடக்கிறன்."

அந்த நாளில் சும்மா நடக்கிற மனிதரை யார் நம்புவார்? திருப்பி அனுப்பிவிட்டார். மறுநாள் மாமி ஒரு பையைக் கையில் கொடுத்தார். "கேட்டா, மீன் வாங்கப் போறன் எண்டு சொல்லுங்கோ."

பக்கத்து வீட்டுப் பெரியப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "சல்லியான் மீன் வாங்க உப்புவெளிக்குப் போறானோ! ஊர் மானம் போச்சு!"

அப்பா அப்படியே சொல்ல, சென்றியில் போக விட்டுவிட்டார்கள்! திரும்பி வரும்போது வெறும் பையைப் பார்த்து, "மீன் இல்லையா?" என்று சிப்பாய் கேட்டாராம்.

"விலை கூடிப்போச்சு" என்றாராம் அப்பா.

மாதக்கணக்காக அப்படி நடந்து கால் தேறியது. இனிக் கயிறு பிடிக்கலாம் என்று டொக்டர் சொன்னதும், அப்பா நேரே, கரையில் நின்று கயிற்றால் இழுக்கும் கரைவலைக்குப் போனார்.

"நீங்க தள்ளி நில்லுங்கோ" என்றார்கள் வலை இழுத்தவர்கள்.

"ஆர் சொன்னது ஏலாதெண்டு? கயித்தைத் தாங்கோ!"

கரையில் நின்ற மாமி கத்தினார்: "இழுங்கோ அண்ணா! பாதிப் பலம் என்ர!"

வலை கரையேறியபோது கீரிமீன் துள்ளிய துள்ளலை நான் எப்படி எழுதுவேன்!

அதன்பின் பல வருடம் வலை இழுத்த அப்பாவை, சென்ற வருடம் நெஞ்சுச்சளிக் காய்ச்சல் கொண்டுபோனது. வைத்தியர்கள், தாதிமார், அவரோடு கூட நடந்தவர்கள், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்தவர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மாமிக்கு நன்றி சொன்னால் ஏசுவார், அதனால் சொல்லவில்லை.

எழும்பமாட்டார் என்றிருந்த அப்பா இழுத்த மீனை, இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் எத்தனையோ பேர் சமைத்துச் சாப்பிட்டிருக்கிறீர்கள்.