நேர்த்தித் தாடி

ஸ்கந்தபுரத்துக் கொட்டில் ஆசுப்பத்திரியில் நான் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தபோது, தாடியைத் துவாயால் பொத்திக்கொண்டு வயல் செய்யும் ஒரு கமக்காரர் வருவார். கன்றிடமிருந்து தொற்றிய படர்தாமரை தாடிக்குள் சீழ்க்கட்டிகளாகியிருந்தது. அதற்கு விழுங்கும் குளிசை, போர்க்காலத் தடையால் வன்னிக்குள் வருவதில்லை. களிம்பு மட்டும் இருந்தது.

“வழிச்சால்தான் ஐயா களிம்பு பிடிக்கும்.”

“இடப்பெயர்வில துலைஞ்ச மகன் வந்தால்தான் வழிப்பன் எண்டு அம்மாளுக்கு நேர்த்தி, தம்பி. இப்ப வழிச்சு, அவன் வராட்டி என்ர பிழையெல்லோ?”

நோவில் கண்ணீர் வழிய, மயிருக்கு மேலேயே பூசச் சொல்வார். பயனில்லை என்று தெரிந்தும் பூசினேன்.

இரண்டு மாதம் கழித்து முகம் மழித்து வந்தார்.

“இனிச் சுகம் வரும் ஐயா,” என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பு என்னை இன்றும் சுடுகிறது. மீசையும் இல்லாததைப் பிறகுதான் கண்டேன்.

“ஓம் தம்பி. மகன்ர முப்பத்தோராம் நாள் அந்திரட்டிக் கிரியை முடிஞ்சுது. பூசுங்கோ,” என்று தாடையை நீட்டினார்.