உள்கைப்பிடி இல்லாத கதவு

பதுளை பஸாரில் ஜஸீலின் கடைக்கு வராத தோட்டத்துச் சனம் குறைவு. கொழுந்து பறிக்கிற பெண்கள் இடுப்பில் கட்டும் தார்ப்பாய்ப் படங்கு, மழைக்கோட்டு, அட்டை ஏறாத உயரச் சப்பாத்து, குடை எல்லாம் அங்கே கிடைக்கும். மழைதான் அவனுக்குச் சோறு போட்டது. ஆனால் மழைநாளில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு எங்கேயாவது போக வேண்டி வந்தால் ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிப்போடப் பார்ப்பான். வெயில்நாளிலும் அப்படித்தான் என்பது அவன் மனைவி முஷ்ரிபாவுக்கு மட்டும் தெரியும்.

கல்யாணமாகிப் பதின்மூன்று வருஷத்தில் நாலு பிள்ளைகள். மூத்தவள் இஸ்ராவுக்குப் பதினொன்று, கடைக்குட்டி ரிப்கானுக்கு மூன்று, நடுவில் அகீலாவும் மிப்ரானும். ஆறு பேரும் ஒரே ஆட்டோவில்தான் போய்வந்தார்கள். கிளம்புமுன் ஜஸீல் திரும்பாமலே கேட்பான்.

"எல்லாரும் கை புடிச்சீக்கா?"

"புடிச்சீக்கி வாப்பா" என்று நாலு குரலும் வந்த பிறகுதான் வண்டி நகரும். ஒரு குரல் குறைந்தாலும் எஞ்சினை நிறுத்திவிடுவான். பள்ளிவாசல் வாசலில் கூட்டாளிமார் இதைச் சொல்லியே அவனைக் கிண்டலடிப்பார்கள். பிள்ளைகளைச் சங்கிலியில் கட்டி ஒரு பூட்டும் போட்டால் தொல்லை விட்டது என்பார்கள். அவனும் சிரித்து வைப்பான்.

அவனுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது நடந்ததை ஊரில் பலரும் மறந்துவிட்டார்கள். வாப்பாவின் கூட்டாளி ஒருவருடைய வேனில் ஹாலிஎல வளைவில் போய்க்கொண்டிருந்தார்கள். தம்பி காமிலுக்கு அப்போது நாலு வயது. அவன் கையைப் பிடித்துக்கொள் என்று ஜஸீலிடம்தான் சொல்லியிருந்தார்கள். பள்ளத்துக்கு அப்பால் ரயில் ஊதியது. ஜஸீல் கையை விட்டு ரயிலுக்குக் கையசைத்தான். காமிலும் கையசைக்க எழும்பினான், கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. அவ்வளவுதான், காமில் வீடு திரும்பவில்லை. கதவு தானாகத் திறந்துகொண்டது என்றுதான் பெரியவர்கள் சொன்னார்கள். ஜஸீல் அதைத் திருத்தவில்லை. இருபத்தொன்பது வருஷமாக.

ஐந்தாவது பிள்ளை வயிற்றில் தங்கியபோது ஆட்டோ போதாது என்று ஆகிவிட்டது. வேன் தேடினான். எல்லாரும் எஞ்சின் சத்தத்தைக் கேட்பார்கள், டயரை உதைத்துப் பார்ப்பார்கள். இவன் கதவைப் பார்த்தான். பண்டாரவளையில் நல்ல வண்டி ஒன்று இருந்தது. இரண்டு பக்கமும் கதவு என்பதால் வேண்டாம் என்று வந்துவிட்டான். இன்னொன்றில் ஜன்னல்கள் பெரிதாக இருந்தன. கடைசியில் ஹாலிஎலயில் ஒரு பழைய வெள்ளை வேன் அகப்பட்டது. பிள்ளைகளுக்கு இடதுபக்கம் ஒரே ஒரு கதவு, இழுத்துத் திறக்கிற கதவு. அதை இருபது தரம் திறந்து மூடிப் பார்த்தான்.

விற்கிறவர் பொறுமை இழந்து, "தம்பி வேன் வாங்க வந்தீங்களா, கதவு வாங்க வந்தீங்களா?" என்று கேட்டார்.

அவர் நேர்மையான மனிதர். ஹேண்ட்பிரேக் கொஞ்சம் தளர்வு என்று அவராகவே சொல்லி, சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பலாக்கட்டையையும் எடுத்துக் கொடுத்தார். ஆப்பு மாதிரி செதுக்கி, இழுத்தெடுக்கக் கயிறு கட்டிய கட்டை. ஜஸீல் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இந்தப் பக்கத்தில் யாரும் ஹேண்ட்பிரேக்கை நம்பி ஏற்றத்தில் வண்டியை நிறுத்துவதில்லை. பக்கத்து சீட்காரர் குதித்து டயருக்குக் கட்டை போட்ட பிறகுதான் ஓட்டுகிறவர் பிரேக்கிலிருந்து காலைத் தூக்குவார்.

வேன் நேரே அஜந்தனின் கராஜுக்குப் போனது. அஜந்தன் தோட்டத்து லய வரிசை வீடுகளில் பிறந்து வளர்ந்தவன், வெல்டிங்கில் கெட்டிக்காரன். ஜஸீல் கேட்டதையெல்லாம் செய்து கொடுத்தான். ஜன்னல்களுக்குக் குறுக்குக் கம்பி. சாமான் சரிந்து பிள்ளைகள் மேல் விழாமல் கடைசி சீட்டுக்குப் பின்னால் இரும்பு வலை. ரிப்கான் முன்னால் தாவி வந்து கியரைப் பிடிக்கிறான் என்று முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் இடையில் ஒரு கிராதி. வரப்போகிற பிள்ளைக்கு முஷ்ரிபாவின் பக்கத்தில், இரண்டு முன்சீட்டுகளுக்கும் நடுவில், தடித்த மெத்தை வைத்த சின்ன சீட் ஒன்று. அதன் விளிம்பு ஹேண்ட்பிரேக்கில் இடித்தது. முழுக்க இழுக்க முடியாமல் இரண்டு பல் குறைந்தது. கட்டைதான் இருக்கிறதே என்றான் ஜஸீல். அந்தக் கட்டை கிடந்த இடத்தில் முஷ்ரிபாவுக்குக் கால் நீட்ட வேண்டும். அதனால் கட்டை பின்கதவுக்குள், வலைக்கு அந்தப் பக்கம் போனது.

எல்லாம் முடிந்த பிறகு, கதவின் உள்கைப்பிடியைக் கழற்றச் சொன்னான்.

அஜந்தன் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தான். "மத்ததெல்லாம் சரிங்க நானா. இது வேணாம். உள்ள இருந்து தெறக்க ஒரு வழி இருக்கணுங்க."

"எனக்கு அந்த வழிதான் வேணாம்."

"அவசரத்துக்குங்க."

"அவசரத்துக்கு நான் இருக்கேன்" என்றான் ஜஸீல்.

அஜந்தன் கழற்றிக் கொடுத்தான். ஓட்டையைத் தகடு வைத்து மூடி வெள்ளைப் பெயின்ட்டும் அடித்தான். கைப்பிடியை ஜஸீல் கடை மேசையின் லாச்சியில் போட்டு வைத்தான். ஜன்னல் கம்பிகளை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தபோது ஒன்றுகூட அசையவில்லை. நல்ல வேலை என்று அவன் வாய்விட்டுப் புகழ்ந்தது அன்றைக்கு ஒரே ஒரு தரம்.

முதல் நாள் பிள்ளைகள் கூத்தாடினார்கள். முஷ்ரிபா மட்டும் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, கூண்டுக்குள் கோழி ஏற்றிப் போகிற மாதிரி இருக்கிறது என்றாள். அவன் முகம் போன போக்கைப் பார்த்து அத்தோடு விட்டாள். அவனுக்கு எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு தோளிறங்கி ஓட்ட முடிந்தது. கைபிடித்தீர்களா என்று கேட்பதைக்கூடச் சில நாட்களில் மறந்தான். ஹாலிஎல வளைவை வேகம் குறைக்காமலே கடந்தான்.

ஒரு வாரம் கழித்து இஸ்ரா பின்னாலிருந்து சொன்னாள். "வாப்பா, ஸ்கூல்ல நெருப்பு வந்தா எப்பிடி வெளிய ஓடுறதுன்னு காட்டித் தந்தாங்க. எங்கட வேன்ல எப்பிடி?"

"வாப்பா எறங்கி வந்து தெறப்பேன்."

"வாப்பாக்கு ஏலாட்டி?"

கண்ணாடியில் அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. கைப்பிடி இருந்த இடத்துத் தகட்டை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டு வரச் சொன்னான்.

முஷ்ரிபாவுக்கு எட்டாம் மாதம் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெலிமடையில் அவளுடைய தங்கை நளீராவின் வீட்டுக்குப் போனார்கள். பகல் சாப்பாடு முடியுமுன்னே மழை பிடித்துக்கொண்டது. திரும்பி வரும் வழியில் ரோட்டில் மண் இறங்கியிருக்கிறது என்று பொலிஸ் தோட்டத்து ரோட்டால் திருப்பிவிட்டது. ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய ரோட்டு. வலதுபக்கம் தேயிலை சரிந்து பள்ளத்துக்குள் போனது. இடதுபக்கம் தண்ணீர் ஓடுகிற கானும் அதற்கு மேல் வெட்டிய மண்மேடும். மேட்டிலிருந்து தண்ணீர் சிவப்பாக வடிந்துகொண்டிருந்தது. கொழுந்து மலையில் ஒரு ஆளில்லை. எதிரே ஒரு வண்டி வரவில்லை.

செங்குத்தான ஏற்றம் ஒன்றின் பாதியில் மிப்ரான் வாயைப் பொத்திக்கொண்டான். சத்தி வருகிறது என்று அகீலா கத்தினாள்.

ஜஸீல் வழக்கம்போல ஸ்டியரிங்கை மலைப்பக்கமாக ஒடித்து நிறுத்தி, கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்தான். சின்ன சீட்டின் விளிம்பில் போய் அது முட்டி நின்றது. முஷ்ரிபாவைக் குதிக்கச் சொல்ல முடியாது. தானே இறங்கினான். கதவைத் திறப்பதா, கட்டையைப் போடுவதா? கட்டைதான் முதலில் என்று கை பழகியிருந்தது. பின்னால் ஓடினான். பின்கதவைத் தூக்கினால், நளீரா ஏற்றிவிட்ட லீக்ஸ் மூட்டைக்கும் கரட் மூட்டைக்கும் அடியில் எங்கேயோ கிடந்தது கட்டை. வலைக்கு அந்தப் பக்கமிருந்து ரிப்கான் அவனைப் பார்த்துச் சிரித்தான்.

கயிற்றின் நுனி கையில் அகப்பட்டபோது ரிப்கானின் முகம் கொஞ்சம் கிட்ட வந்தது. பிறகு இன்னும் கொஞ்சம்.

வேன் நகர்கிறது என்று மனம் சொல்லுமுன் நெஞ்சில் இரும்பு இடித்தது. அவன் பள்ளத்துப் பக்கம் விழுந்தான். வெள்ளை வேன் மெதுவாக, ஆளில்லாமல் தானே ஓட்டுகிற மாதிரி, அவனைக் கடந்து பின்னால் போனது. ஜன்னல் கம்பிகளுக்குள் நாலு முகங்கள். ஒருவரும் கத்தவில்லை. அவனைப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

ஒடித்து வைத்த ஸ்டியரிங் காப்பாற்றியது. பின்டயர் கானுக்குள் இறங்கி, வேன் மண்மேட்டில் சாய்ந்து நின்றது. கதவுப்பக்கம் முழுக்க மண்ணோடு மண்ணாக அழுந்தியிருந்தது.

ஓடி வந்தான். எல்லாரும் உயிரோடு இருந்தார்கள். அகீலாவின் நெற்றியில் மட்டும் ஒரு கீறல். உயர்ந்து நின்ற ஓட்டுநர் கதவைத் திறந்து முஷ்ரிபாவை இறங்கச் சொன்னான். அவள் கிராதிக்குள் இரண்டு கையையும் விட்டு ரிப்கானின் சட்டையைப் பிடித்திருந்தாள்.

"எறங்கு புள்ள."

"புள்ளைகள் உள்ள ஈக்குது" என்றாள் அவள். "என்னால ஏலாது."

அப்போது கூரையில் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டது. மழைத்துளி இல்லை. ஒரு மண்ணாங்கட்டி உருண்டு கண்ணாடியில் சறுக்கி விழுந்தது. பிறகு இன்னொன்று. ஜஸீல் நிமிர்ந்து பார்த்தான். மேட்டின் உச்சியில் ஒரு தேயிலைச் செடி வேர் தெரியச் சாய்ந்து, வேனைக் குனிந்து பார்ப்பதுபோல நின்றது.

பிள்ளைகளுக்கு முன்னால் கிராதி, பின்னால் வலை. வலப்பக்கத்து ஜன்னல் கம்பியைப் பிடித்து இழுத்தான். ஜாக்கிக் கம்பியை விட்டு நெம்பினான். நல்ல வேலை. ஒன்றுகூட அசையவில்லை.

இஸ்ரா கம்பிக்கு உள்ளேயிருந்து அவன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரத்தம் வருகிறது என்று சொல்லவில்லை. தம்பிமாரையும் தங்கையையும் வலப்பக்கமாக இழுத்து, மண்ணிலிருந்து தள்ளி உட்கார வைத்தாள். பிறகு மிக மெதுவாக, "நாங்க எல்லாரும் கை புடிச்சீக்கி வாப்பா" என்றாள்.

மேல் லயத்திலிருந்து சத்தம் கேட்டு முதலில் வந்தவள் ரெங்கம்மா. தலையில் போட்டிருந்தது ஜஸீலின் கடைப் படங்கு. ஒரு பார்வை பார்த்தாள், திரும்பி ஓடினாள். அவள் கூட்டி வந்த நாலு ஆண்கள் கம்பியை நெம்ப அலவாங்கு கொண்டு வந்தார்கள். இராமையா என்கிற வயசாளி மேட்டையே பார்த்தபடி நின்று, மண் உதிரும்போதெல்லாம் கையைத் தூக்கினார். உடனே எல்லாரும் விலகினார்கள். ஜஸீல் மட்டும் விலகவில்லை. மூன்றாவது கம்பி பெயர்ந்தபோது ஒரு பிள்ளை நுழையும் அளவுக்கு வழி வந்தது. ரிப்கான், மிப்ரான், அகீலா, கடைசியில் இஸ்ரா. அதன் பிறகுதான் முஷ்ரிபா இறங்கினாள்.

இராமையா அவனைத் திட்டவில்லை. "மொதலாளி, ஆடு மாட்டுக் கொட்டில்ல கூட உள்ள இருந்து முட்டுனா தெறக்குற மாதிரிதாங்க படல் கட்டுவோம்" என்று மட்டும் சொன்னார்.

அன்று மாலையே தோட்டத்து டிரக்டர் வேனை இழுத்தெடுத்தது. மறுநாள் காலையில் அந்த இடத்தில் ரோட்டைக் காணவில்லை என்று ரெங்கம்மா சொல்லியனுப்பினாள். மேடு இறங்கிவிட்டது.

ஜஸீல் லாச்சியிலிருந்து கைப்பிடியை எடுத்துக்கொண்டு அஜந்தனிடம் போனான். தகடு போனது, கிராதி போனது, மிச்சக் கம்பிகளும் போயின. சின்ன சீட்டையும் கழற்றி எறிந்தான். கட்டை பழைய இடத்துக்கு வந்தது. கைப்பிடியைத் திறந்து மூடிப் பார்க்கச் சொன்னான் அஜந்தன். ஜஸீலால் முடியவில்லை. அஜந்தனே பார்த்தான். 'க்ளக்' என்று மெலிதான, சுத்தமான சத்தம். எண்ணெய் போட்டிருந்தான்.

ஐந்தாவதாகப் பிறந்தது பெண்பிள்ளை. நாற்பது நாள் கழிந்து எல்லாரும் முதல் தடவையாக வேனில் புறப்பட்டார்கள். சின்னவள் முஷ்ரிபாவின் மடியில். அன்றைக்கு நல்ல வெயில்.

"எல்லாரும் கை புடிச்சீக்கா?"

நாலு குரலும் வந்தன.

ஹாலிஎல வளைவுக்குள் திரும்பியபோது எதிரே ஒரு பஸ், பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு. ஜஸீல் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து ஓரம் ஒதுக்கினான். பள்ளத்துக்கு அப்பால் ரயில் ஊதியது. பின்னால் பிள்ளைகள் எழும்புகிற சத்தம். மிப்ரான் கோச்சி கோச்சி என்று கத்தினான்.

பிறகு அந்த மெலிதான, சுத்தமான சத்தத்தின் முதல் பாதி.

பஸ் கடந்துபோக எவ்வளவு நேரம் எடுத்தது என்று அவனுக்குத் தெரியாது. கண்ணை உயர்த்திக் கண்ணாடியைப் பார்த்தான். கைப்பிடியில் ரிப்கானின் சின்னக் கை. அதற்கு மேல், அதை அசையவிடாமல் அழுத்திக்கொண்டு, இஸ்ராவின் கை. அவளுடைய விரல்கள் வெளுத்திருந்தன. மற்றவர்கள் ரயிலுக்குக் கையசைத்துக்கொண்டிருந்தார்கள்.

இஸ்ரா ரயிலைப் பார்க்கவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.